வாட்டம் பார்க்கும் படிப்பு

மேடவாக்கம் பக்கம், கட்டி முடியும் நிலையில் இருந்த ஓர் அடுக்ககத்தில் மேஸ்திரி ஒருவர் வாட்டம் பார்ப்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் நின்று கவனித்தேன். பெரிய கருவி எதுவும் இல்லை. விரல் பருமனில் தெளிவான பிளாஸ்டிக் குழாய், அதற்குள் தண்ணீர். ஒரு முனையை அவர் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள, மறுமுனையை ஒரு பையன் கேட் வரை இழுத்துக்கொண்டு போனான். குழாய்க்குள் மாட்டிய காற்றுக் குமிழியைத் தட்டித் தட்டி வெளியேற்றினார். தண்ணீர் ஆடி அடங்கியதும் இரண்டு பக்கமும் பென்சில் கோடு, அப்புறம் டேப். “கேட்டுப் பக்கம் நாலு இன்ச் தூக்கலா இருக்கு சார். மழைத் தண்ணி வெளிய போவாது, உள்ளதான் வரும்” என்றார். சைட் எஞ்சினியர் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அதெல்லாம் கடைசியில லேண்ட்ஸ்கேப்காரங்க பாத்துப்பாங்க மேஸ்திரி. நீங்க பூச்சு வேலைய முடிங்க.”

லேண்ட்ஸ்கேப்காரர் கடைசியில்தான் வந்தார். ஒரு லாரி செம்மண், ஒரு லாரி கொரியன் புல், வாசலில் வரிசையாக நிறுத்த எட்டு ராயல் பாம். அதற்குள் பேவர் பிளாக் பதித்தாகிவிட்டது. வாட்டத்தில் அவர் கைவைக்க வழியில்லை. அந்த ஐப்பசி மழையில் தண்ணீர் நேராக லிஃப்ட் குழிக்குள் இறங்கியது.

வாட்டம் என்றால் அகராதியில் முதலில் கிடைப்பது வாடுதல், சோர்வு. கொத்தனார்களிடம் அது சரிவு. தண்ணீர் தானாக ஓடுவதற்குத் தரையில் விடும் சாய்மானம். லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் என்ற பல்கலைக்கழகப் படிப்பைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால், அது வாட்டம் பார்க்கும் படிப்பு என்றுதான் சொல்கிறேன். கேட்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள், அவர்கள் மனதில் இருப்பது பூச்செடி. அந்தத் தொழிலின் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். மேஸ்திரியின் குழாய்க்கும் ராயல் பாமுக்கும் நடுவில் அது மாட்டிக்கொண்டிருக்கிறது. குழாய் பிடிக்கும் நேரத்தில் கூப்பிட்டால் ஓர் ஊரின் வெள்ளத்தையே மாற்றி வரையலாம். பனை நடும் நேரத்தில் கூப்பிட்டால் பனைதான் நடலாம்.

தமிழில் இதற்கு நிலைத்த பெயர் இன்னும் அமையவில்லை. நிலத்தோற்றக் கலை என்கிறார்கள், நிலவடிவமைப்பு என்கிறார்கள். தொழிலில் இருப்பவர்கள் லேண்ட்ஸ்கேப் என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள், நானும் அப்படியே செய்கிறேன். (ஐந்திணையிலிருந்து ஆரம்பித்து இந்தத் துறையை நம்முடையதாக்கிக் காட்டுவது சுலபம். மேடைக்கு அது நன்றாக இருக்கும். படிக்கப்போகும் பிள்ளைக்கு ஒன்றும் சொல்லாது.)

ஆங்கிலத்தில் இந்தச் சொற்சேர்க்கை 1828இல் கில்பர்ட் லேயிங் மீசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் எழுதிய நூலின் தலைப்பில் வந்தது. அவர் பேசியது இத்தாலிய ஓவியங்களில் தெரியும் கட்டடங்களைப் பற்றி. அதை ஒரு தொழிலின் பெயராக்கியவர்கள் ஃப்ரெடரிக் லா ஓம்ஸ்டெட்டும் கால்வர்ட் வாக்ஸும். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்கான போட்டியில் 1858இல் அவர்களுடைய திட்டம் வென்றது. 843 ஏக்கர் கொண்ட அந்தப் பூங்காவை இன்று சுற்றிப் பார்ப்பவர்கள், நகரம் எழுந்தபோது தப்பிப் பிழைத்த இயற்கை என்றே அதை நினைப்பார்கள். அங்குள்ள ஏரிகள் எல்லாம் மனிதர் வெட்டியவை. சதுப்பும் பாறையுமாகக் கிடந்த நிலத்தில் முதல் வேலை வடிகால்தான். ஜார்ஜ் வாரிங் என்ற பொறியாளரின் பொறுப்பில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் சுட்டமண் குழாய்களைப் புதைத்தார்கள். குறுக்கே போகவேண்டிய நான்கு சாலைகளைப் பூங்காவின் மட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் இறக்கினார்கள். மேலே நடப்பவருக்கு வண்டிகள் தெரியவே தெரியாது. நாம் ரசிக்கும் புல்வெளி அதற்கெல்லாம் பிறகு வந்தது.

இதே பூங்காவுக்காக செனிகா வில்லேஜ் என்ற, பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழ்ந்த, பலர் சொந்த நிலம் வைத்திருந்த குடியிருப்பு 1857இல் காலிசெய்யப்பட்டது. இந்தத் தொழிலின் பெருமையைப் பேசும்போது அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். ஆற்றங்கரையை அழகுபடுத்தக் குடிசைகளை அகற்றும் ஊர்களில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 1899இல் தொழில்முறைச் சங்கம், 1900இல் ஹார்வர்டில் முதல் பட்டப்படிப்பு, 1953இல் கலிஃபோர்னியாவில் முதல் உரிமச் சட்டம் என்று இத்தொழில் வேகமாக நகர்ந்தது. இன்று அங்கே 50 மாநிலங்களிலும் உரிமம் பெற்றவர்தான் தம்மை லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியும். உரிமத் தேர்வுக்கு நான்கு பகுதிகள். அதில் ஒரு பகுதி முழுக்க நிலத்தை மட்டப்படுத்துவது, வடிகால், மழைநீர் மேலாண்மை. அதாவது கால்வாசித் தேர்வு மேஸ்திரியின் குழாயைப் பற்றியது.

இந்தியாவில் கதை வேறு. 1972இல் டெல்லியில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சரில் லேண்ட்ஸ்கேப்புக்கான முதுகலைப் படிப்பு தொடங்கியது. அதே ஆண்டு நாடாளுமன்றம் கட்டடக் கலைஞர்கள் சட்டத்தை இயற்றியது. பதிவு செய்யாத எவரும் ஆர்க்கிடெக்ட் என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்ளக்கூடாது என்று சொல்லும் அதன் 37ஆவது பிரிவு, இரண்டு பேருக்கு விலக்கு கொடுக்கிறது. ஒருவர் கப்பல் வடிவமைப்பவர். இன்னொருவர் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட். பின்னவர் யார் என்பதற்கு அங்கேயே ஒரு விளக்கமும் உண்டு: செடி, மரம், நிலக்காட்சி சார்ந்து திறந்தவெளிகளை வடிவமைப்பவர். அவ்வளவே. மண் இல்லை, தண்ணீர் இல்லை, சரிவு இல்லை. ஒரு கட்டடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதை, அதே நகரத்தின் இன்னொரு கட்டடம் தோட்டவேலை என்று எழுதி வைத்தது. லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டுகளின் இந்தியச் சங்கம் 2003இல்தான் உருவானது. தனிப் பதிவுச் சட்டம் இன்றுவரை இல்லை.

ஆகவே இங்கே இந்தப் படிப்புக்குள் நுழையும் வழக்கமான வாசல் பி.ஆர்க். நாட்டா அல்லது ஜே.இ.இ. இரண்டாம் தாள் என்ற நுழைவுத் தேர்வை எழுதி, ஐந்து ஆண்டு முடித்து, அதன்மேல் இரண்டு ஆண்டு எம்.ஆர்க். டெல்லி, போபால், அகமதாபாத்தின் செப்ட், சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளி ஆகிய இடங்களில் அது இருக்கிறது. இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இதை இளங்கலையாகவே நடத்துகிறது. அதுவே சரியான ஏற்பாடு என்பது என் எண்ணம். ஐந்து ஆண்டு கட்டடத்தை நடுவில் வைத்து யோசிக்கப் பழகியவரை, நிலத்தை நடுவில் வைத்து யோசிக்கத் திருப்புவதற்கு முதல் ஆறு மாதம் வீணாகப் போகிறது. ஆசிரியர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள்.

வகுப்பறையில் என்னதான் நடக்கிறது? முதல் வாரத்தில் கையில் கொடுப்பது ஒரு கான்டூர் வரைபடம். ஒரே உயரத்தில் இருக்கும் புள்ளிகளை எல்லாம் சேர்த்த கோடுகள், அரை மீட்டருக்கு ஒன்று. நெருங்கி இருந்தால் செங்குத்து. விலகி இருந்தால் சமவெளி. மழைத் தண்ணீர் அந்தக் கோடுகளைச் செங்கோணத்தில் வெட்டிக்கொண்டுதான் இறங்கும். இந்த ஒரு விதி கைவந்துவிட்டால் ஒரு மனையைப் பார்த்ததும் தண்ணீர் எங்கே நுழைந்து எங்கே வெளியேறும் என்று விரலால் காட்டிவிடலாம். அடுத்தது, கட்டடத்துக்கு இடம் விட்டுக் கோடுகளைத் திருத்தி வரைவது. வெட்டி எடுக்கும் மண்ணும் கொட்டி நிரப்பும் மண்ணும் சமமாக வர வேண்டும். வந்தால் ஒரு லாரி சவுடுகூட வெளியிலிருந்து வர வேண்டாம். நடைபாதைக்கு ஐம்பதுக்கு ஒன்று வாட்டம். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்றைவிடச் செங்குத்தாகக் கூடாது. புல்வெளி மூன்றுக்கு ஒன்றைத் தாண்டினால் புல்வெட்டும் இயந்திரம் கவிழும். இவை கணக்குகள். வரையத் தெரிந்த பிள்ளைகள் இங்கேதான் அழுகிறார்கள்.

பிறகு மண். ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மண், மீதி தண்ணீர், கொஞ்சம் சோப்புத் தூள். குலுக்கி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும். வண்டல் சில மணி நேரம் எடுக்கும். களிமண் மறுநாளும் கலங்கியே நிற்கும். திருவான்மியூரில் எடுத்த பாட்டிலையும் வேளச்சேரியில் எடுத்த பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு, ஓர் ஊரின் வெள்ளம் ஏன் தெருவுக்குத் தெரு மாறுகிறது என்பது புரிந்துவிடும். தமிழ்நாடு 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது, நல்ல சட்டம். ஆனால் மணலில் ஒரு மணி நேரத்தில் வற்றும் உறைகிணறு அளவிலேயே களிமண்ணிலும் தோண்டிவிட்டு, நிரம்பி வழிகிறதே என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பாட்டிலைக் குலுக்கவில்லை.

செடிகளும் உண்டு, இல்லாமல் போகுமா. இலை, பட்டை, பூக்கும் மாதம், வேர் போகும் ஆழம் என்று நூற்றுக்கணக்கில் மனப்பாடம் செய்ய வேண்டும். அதுவும் அழகுக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது செம்மயிற்கொன்றையும் பெருங்கொன்றையும் தூங்குமூஞ்சியும் சாலை சாலையாக விழுந்தன. வெளியிலிருந்து வந்த மரங்கள் என்று பழியைப் போட்டு முடித்துவிட்டோம். அடிமரம் வரை சிமென்ட் பூசியதும், மழைநீர் வடிகாலுக்காக ஒரு பக்க வேரை வெட்டியதும் அந்தக் கணக்கில் சேரவில்லை. மரம் எது என்பதோடு அதன் வேருக்கு எத்தனை கன மீட்டர் மண் கிடைக்கிறது என்பதையும் வடிவமைக்க வேண்டும் என்று இந்தப் படிப்பு சொல்கிறது.

இந்தப் பாடங்களை ஒரே மேசையில் அடுக்கியவர் இயான் மெக்ஹார்க். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இத்துறையைக் கட்டியெழுப்பிய ஸ்காட்லாந்துக்காரர். மண் ஒரு தாள், தண்ணீர் ஒரு தாள், காடு ஒரு தாள், சரிவு ஒரு தாள். ஒளிபுகும் தாள்களில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், எங்கே கட்டக்கூடாது என்பது இருட்டிக்கொண்டு தெரியும். இன்று ஜி.ஐ.எஸ். மென்பொருள் செய்யும் வேலையை 1969இல் ‘டிசைன் வித் நேச்சர்’ நூலில் அவர் கையால் செய்துகாட்டினார்.

சொன்னதோடு நிற்காமல் கட்டியும் பார்த்தார். டெக்சஸ் மாநிலத்தில் ஹூஸ்டனுக்கு வடக்கே, ஜார்ஜ் மிட்செல் என்ற எண்ணெய்த் தொழிலதிபர் காட்டுக்குள் ஒரு புதுநகரம் அமைக்க விரும்பினார். தட்டையான, தண்ணீர் எளிதில் வடியாத நிலம். மெக்ஹார்க்கின் குழு முதலில் மண்ணைப் பிரித்தது. தண்ணீரை உறிஞ்சும் மணற்பாங்கான இடங்களைத் திறந்தவெளியாக விட்டார்கள். உறிஞ்சாத மண்மேல் வீடுகளை வைத்தார்கள், எப்படியும் அங்கே தண்ணீர் இறங்காது என்பதால். குழாய் வடிகாலுக்குப் பதில் புல் படர்ந்த ஆழமற்ற வாய்க்கால்கள். 1974இல் திறந்த தி வுட்லண்ட்ஸ் என்ற அந்த ஊர், 1979இலும் 1994இலும் பெருமழைகள் ஹூஸ்டன் பகுதியைப் புரட்டியபோது அதிகச் சேதமில்லாமல் நின்றது. 1997இல் நகரம் கைமாறியது. பிற்பாடு எழுந்த குடியிருப்புகளில் வழக்கமான குழாயும் ஓரக்கல்லும் வந்தன. முதலில் கட்டிய பகுதிகளையும் பிந்தியவற்றையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், பழைய பகுதிகளில் மழை குறைவாகவே வழிந்தோடுவதைக் கண்டார்கள். ஒரே ஊர், ஒரே வானம். வித்தியாசம், நிலம் படித்தவரை எப்போது கூப்பிட்டார்கள் என்பதில் இருந்தது.

சிங்கப்பூர்வாசிகளுக்கு இதற்கு டெக்சஸ் வரை போக வேண்டாம். பீஷான் அங் மோ கியோ பூங்காவின் ஓரத்தில் காலாங் ஆறு 2.7 கிலோமீட்டருக்கு நேர்கோட்டு கான்கிரீட் கால்வாயாகக் கிடந்தது. கான்கிரீட்டை உடைத்து, 62 ஹெக்டேர் பூங்காவின் நடுவே 3.2 கிலோமீட்டர் வளைந்து ஓடும் ஆறாக ஜெர்மானிய நிறுவனமான ஆட்டெலியர் டிரைசெய்ட்டில் அதை மாற்றி அமைத்தது. 2012இல் வேலை முடிந்தது. நாணலும் வேரும் கல்லும் கொண்டு கரைகட்டும் முறைகளை ஒரு சின்னப் பக்கக் கால்வாயில் முதலில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஆற்றில் கைவைத்தார்கள். பெருமழையில் பூங்காவே ஆற்றின் படுகையாகிவிடும். எச்சரிக்கை ஒலி கேட்டதும் மக்கள் மேலே ஏறிக்கொள்வார்கள், தண்ணீர் போனதும் பிள்ளைகள் திரும்ப இறங்குவார்கள். உழைத்தவர்களில் நீரியல் பொறியாளர்கள் உண்டு, தாவரவியலாளர்கள் உண்டு. ஆனால் தாளின் தலைமாட்டில் இருந்தது லேண்ட்ஸ்கேப் வரைபடம்.

சென்னைக்கு வந்தால் கொஞ்சம் மனம் கனக்கிறது. வரத்துக் கால்வாய், மதகு, கலங்கல், போக்குக் கால்வாய் என்று ஒரு மாவட்டம் முழுவதையும் கான்டூர் தாள் இல்லாமலே வரைந்தவர்கள் வாழ்ந்த பகுதி இது. ஓர் ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்கு வரத்து. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று பேருந்துப் பலகையில் படிக்கிறோமே, தாங்கல் என்றால் சிறிய ஏரி. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான் வள்ளுவர் கோட்டம் இருக்கிறது. தென்சென்னையின் ஏரிகள் கடைசியாக வழிந்து சேரும் பள்ளிக்கரணைச் சதுப்பு, பழைய பரப்பில் ஒரு துண்டாகச் சுருங்கிய பிறகு, 2022இல் உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது. 2015 டிசம்பரில் வெள்ளம் வந்த வழி புதிது அல்ல. அதன் பழைய வழிதான்.

நல்ல உதாரணமும் ஒன்று உண்டு. அடையாறு கழிமுகத்தில் கட்டட இடிபாடு கொட்டித் தூர்ந்து கிடந்த 58 ஏக்கரை, ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிக்குளம் வனக் குழுவினர் மீட்டெடுத்தார்கள். 2011இல் திறந்த தொல்காப்பியப் பூங்கா அது. இடிபாட்டை அள்ளி, நீர் நிற்கும் பரப்பை விரித்து, இந்தக் கடற்கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் மரங்களை வைத்தார்கள். செம்மொழிப் பூங்காவுக்குப் போகும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே போவதில்லை என்று நினைக்கிறேன். படிக்கிற பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இனி வேலை. ஆலோசனை நிறுவனங்கள்தான் பெரும்பாலோர் போகும் இடம். டெல்லி, மும்பை, பெங்களூரு, அகமதாபாத், சென்னை. முதல் இரண்டு மூன்று ஆண்டு ஆட்டோகேட் திரையும் பி.ஓ.க்யூ. என்ற பொருள் அளவுப் பட்டியலும். சிலர் பெரிய கட்டுமான நிறுவனங்களுக்குள் போகிறார்கள், சிலர் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கு. சுரங்கம் தோண்டிக் கைவிட்ட நிலத்தை மீட்கும் வேலை இருக்கிறது. பழைய தோட்டங்களைப் புதுப்பிக்கும் வேலை இருக்கிறது. இதில் டெல்லியின் சுந்தர் நர்சரியைச் சொல்லாமல் விட முடியாது. புதுடெல்லிச் சாலைகளுக்கான மரங்களைச் சோதிக்க ஆங்கிலேயர் வைத்த பண்ணை, முகலாயர் கால நினைவுச் சின்னங்களோடு 90 ஏக்கர் பொதுப் பூங்காவாக 2018இல் திறந்தது. வடிவமைத்த முகமது ஷாஹீர், டெல்லி ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சரில் தலைமுறைகளுக்குப் பாடம் எடுத்தவர். திறப்பைப் பார்க்காமல் 2015இல் காலமானார். வெளிநாடு போகிறவர்களுக்கு வளைகுடாவும் சிங்கப்பூரும் உண்டு. பிரிட்டனில் 1929இல் தொடங்கிய லேண்ட்ஸ்கேப் இன்ஸ்டிடியூட்டின் சான்றுபெற்ற உறுப்பினராவது தனியாக ஒரு பயணம்.

சம்பளம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு நான் சம்பளக் கணக்கின் உள்கோளாறைச் சொல்வேன். கட்டணம் பெரும்பாலும் லேண்ட்ஸ்கேப் வேலைக்கு ஆகும் செலவில் இத்தனை சதவீதம் என்றே பேசப்படுகிறது. இருக்கும் சரிவை அப்படியே வைத்து, இருக்கும் மரத்தைக் காப்பாற்றி, ஒரு லாரி மண்கூட வாங்காமல் முடித்துக்கொடுக்கும் கெட்டிக்காரருக்குச் சதவீதம் போடத் தொகையே இருக்காது. நீரூற்றும் கிரானைட்டும் வெளிநாட்டுப் பனையும் சொல்பவருக்குக் கிடைக்கும். படித்த படிப்புக்கு எதிராகக் கூலி கொடுக்கும் ஏற்பாடு இது. சில மூத்தவர்கள் தொகையை முன்கூட்டியே பேசி இதிலிருந்து தப்பிக்கிறார்கள். புதிதாக வருபவரால் அப்படிப் பேச முடிவதில்லை.

அரசு வேலை என்றால் இன்னொரு தடை. பூங்காத் துறைகளில் இருப்பவர்கள் தோட்டக்கலைப் பட்டதாரிகளும் சிவில் பொறியாளர்களும். இரண்டு தரப்பும் வேண்டியவர்களே, ஆனால் நடுவில் நிற்கவேண்டியவருக்குப் பதவியின் பெயரே பல இடங்களில் இல்லை. இதன் விளைவை விதிப்புத்தகத்திலேயே பார்க்கலாம். தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை போட்டால் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி ஒப்படைக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். என்று ரியல் எஸ்டேட்காரர்கள் சொல்வது இதைத்தான். எவ்வளவு என்று சட்டம் கறாராகச் சொல்கிறது. மனையின் தாழ்ந்த பகுதியில், தண்ணீர் வந்து சேரும் இடத்தில் அது இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. எனவே விற்காத மூலைதான் பூங்காவாகிறது. அந்தப் பத்து சதவீதத்தை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் அதிகாரத்தை ஒரு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டுக்குக் கொடுத்தால், வேறெந்தத் திட்டமும் இல்லாமலே பல புறநகர்களின் தெருக்கள் வடிந்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இந்தப் படிப்பில் சேர நினைக்கும் பிள்ளைகளிடமும், விண்ணப்பத்தை நிரப்பித் தரும் பெற்றோரிடமும் கேட்டுக்கொள்வது இது. கல்லூரிக்குப் போனால் கண்காட்சிச் சுவரில் மாட்டியிருக்கும் வண்ணப் படங்களைத் தாண்டி, மாணவர்கள் போட்ட மண்வெட்டுக் கணக்குத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பருவத்தில் எத்தனை நாள் களத்தில் நின்று அளவெடுத்தார்கள் என்று விசாரியுங்கள். படித்து முடித்து வேலைக்கு நேர்காணலில் உட்காரும்போது, சம்பளத்துக்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: உங்களை எப்போது கூப்பிடுகிறார்கள் சார், அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னாலா, பேவர் பிளாக் போட்ட பின்னாலா?